விலை கேட்காத நிலம்: சாலைக்கு அருகே ஒரு பூங்காவை ரசிப்பது எப்படி

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குச் சாலை என்றால் கடைத்தெரு. கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளும் இந்தக் கம்போளம், அதாவது அங்காடி, தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா திருவிதாங்கூரை ஆண்ட 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திவான் ராஜா கேசவதாசரின் முயற்சியால் உருப்பெற்றது. அன்றிலிருந்து அரிசியும் பருப்பும் பூவும் பாத்திரமும் கைமாறும் இடமாக அது விளங்கி வருகிறது. இத்தெருவில் நிற்பவர் வாங்க வந்தவராகவோ விற்க வந்தவராகவோ சுமை தூக்க வந்தவராகவோ இருப்பார். காரணமில்லாமல் நிற்பவருக்கு அங்கே இடம் குறைவு. அதன் மேற்கு முனையிலிருந்து சற்று நடந்தால் காந்தி பார்க் வருகிறது. அருகிலேயே புத்தரிக்கண்டம் மைதானமும், முன்னாள் முதலமைச்சர் ஈ.கே. நாயனாரின் பெயர் தாங்கிய பூங்காவும் உள்ளன. இவற்றில் ஒருவர் எதற்காக வந்தார் என்றோ எவ்வளவு நேரம் இருப்பார் என்றோ எவரும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்துப் பூங்கா ஒன்றை ரசிக்க விரும்புவோர் முதலில் உணர வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான், ஏனெனில் பூங்காவின் மற்ற இன்பங்கள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பெரிய தோட்டங்களுக்குச் செல்பவர் அங்கே காட்டப்படுவதைப் பார்த்துத் திரும்பலாம். சிறிய பூங்காவில் காட்டுவதற்கென்று எதுவும் வைக்கப்படவில்லை என்பதால், எதைப் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதைப் பார்வையாளர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நிலம், வெயில், மரம், ஆட்டக்களம், மனிதர் என்னும் வரிசையில் கவனத்தைச் செலுத்துவது இதற்கு எளிய முறையாகும்.

நிலத்தின் பழைய வேலை

எந்தப் பூங்காவும் பூங்காவாகப் பிறப்பதில்லை. அந்த நிலம் முன்பு என்ன வேலை செய்தது என்று கேட்டுக்கொண்டு நுழைபவருக்கு, மேடும் பள்ளமும் கூடச் செய்தி சொல்லத் தொடங்கும். புத்தரிக்கண்டம் இதற்குச் சிறந்த சான்று. மலையாளத்தில் புத்தரி என்பது புதிய அரிசியையும் கண்டம் என்பது வயலையும் குறிக்கும். பத்மநாபசுவாமி கோயிலில் கர்க்கடக மாதத்தில், அதாவது தமிழ் ஆடியை ஒட்டிய மாதத்தில், புதுக்கதிரைக் கொண்டுவந்து இறைவனுக்குப் படைக்கும் நிறைபுத்தரிச் சடங்குக்கான நெல் இந்த வயலில் விளைந்தது. பின்னர் வயல் மைதானமாயிற்று. பொதுக்கூட்டங்களும் பொருட்காட்சிகளும் விழாச் சந்தைகளும் அதில் இடம்பெற்றன.

நெல் விளைந்த நிலம் நீர் தேங்கும் தாழ்நிலமாகவே இருக்கும். தம்பானூரும் கிழக்கே கோட்டையும் சாலையும் பெருமழையில் நீரில் மூழ்குவதும், 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் பெயரில் நகரின் வடிகால்களைத் தூர்வாரி ஆக்கிரமிப்புகளை அகற்ற நேர்ந்ததும் இந்தத் தாழ்நிலத்தின் தொடர்கதையே. மழை ஓய்ந்த மறுநாள் பூங்காவுக்குச் செல்பவர், நீர் எங்கே தேங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் வழிந்தோடிய தடம் தெரிகிறது, மண் எங்கே நீரை உடனே உறிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், பழைய வயலின் சரிவை நடைபாதைக் கற்களுக்கு அடியிலும் அடையாளம் காணலாம். கான்கிரீட் பூசாமல் விடப்பட்ட மண் நகருக்கு என்ன செய்கிறது என்பதும் அப்போது கண்கூடாகும்.

வெயிலும் நிழலும்

திருவனந்தபுரம் ஏறத்தாழ 8.5 பாகை வட அட்சத்தில் அமைந்திருப்பதால், கதிரவன் ஆண்டுக்கு இருமுறை அந்நகரின் நேர் உச்சிக்கு வருகிறான்: ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் இறுதியில் மறுமுறை. இந்திய நேரம் நாட்டுக்கு நடுவே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதாலும், இந்நகரம் அதற்கு மேற்கே இருப்பதாலும், உச்சிவேளை இங்கே கடிகாரத்தில் 12.20 மணியளவில்தான் நிகழ்கிறது. அவ்விரு நாட்களிலும் அந்த நேரத்தில் விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட நான்கரை மாதங்களில் நண்பகல் கதிரவன் தலைக்கு வடக்கே நிற்பதால், மரத்தின் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் அது வடக்கே விழுகிறது. ஆகவே மார்கழியில் உச்சிப்பொழுதில் நிழல் தந்த பெஞ்சு ஆனியில் அதே வேளையில் வெயிலில் கிடக்கலாம். ஒரே இடத்தில் பருவந்தோறும் உட்கார்ந்து பார்ப்பவர், வானியல் நூல் எதுவும் இல்லாமலே பூமியின் சாய்வைக் கண்டுகொள்கிறார்.

செல்வதற்கு ஏற்ற நேரங்கள் இரண்டு. காலை ஆறரை முதல் எட்டுவரை நடப்பவர்களும் பறவைகளும் பூங்காவை ஆள்வார்கள். மாலை நான்கரைக்குப் பிறகு குழந்தைகள் வருவார்கள். சில கிலோமீட்டர் மேற்கே சங்குமுகத்தில் கடல் இருப்பதால், பகலில் நிலம் சூடேறிய பின் வீசத் தொடங்கும் கடற்காற்று பிற்பகலின் புழுக்கத்தைச் சற்றுக் குறைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுது குறுகியது. சூரியன் மறைந்த அரை மணிக்குள் நன்றாக இருட்டிவிடும். நவம்பரில் ஆறு மணியளவிலும் ஜூலையில் ஏழு மணிக்குச் சற்று முன்னும் மறைவு நிகழ்வதைக் கணக்கில் கொண்டு, குழந்தைகளுடன் செல்பவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது அங்கே சேர்ந்துவிடுவது நல்லது.

மரங்களையும் பறவைகளையும் படித்தல்

மரத்தின் பெயரை அறிவது தொடக்கம். அது நாள்தோறும் செய்யும் வேலையைப் பார்ப்பதே ரசனை. கேரள நகரங்களில் பரவலாகக் காணப்படும் தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்க நிலப்பகுதிகளிலிருந்து வந்தது. குடைபோல் அகன்று விரியும் அதன் இலைகள் மாலையிலும் மழை மேகம் கவியும்போதும் மடங்கிக்கொள்கின்றன. இலைக்காம்பின் அடியில் உள்ள புடைப்பான மூட்டில் நீரழுத்தம் மாறுவதே இந்த மடங்கலுக்குக் காரணம். ஐந்து மணிக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆறரைக்கு மீண்டும் நிமிர்ந்து பார்ப்பவருக்கு, அதே மரத்தினூடே வானம் கூடுதலாகத் தெரியும். நாட்டு வாதுமை தன் பெரிய இலைகளை உதிர்க்குமுன் அவற்றைச் செந்நிறமாக்கிக் காட்டும். இலையுதிர் காலத்தின் வண்ணத்தை வெப்பநாட்டவருக்குக் காட்டும் மிகச் சில மரங்களில் அது ஒன்று. மழைக்காலம் முடியும் மாதங்களில் இரவு நெருங்கும்போது கனத்த மணம் பரவினால், அருகில் ஏழிலைப்பாலை பூத்திருக்கிறதா என்று தேடலாம்.

பறவைகளைக் காண்பதற்குக் கண்ணுக்கு முன்னால் காது உதவும். உலோகத்தைத் தட்டுவதுபோல் சீரான இடைவெளியில் ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். அரச மரமும் ஆல மரமும் பழுக்கும் காலத்தில் அது அங்கே வரும். விடியலில் விசிலடிப்பது குண்டுகரிச்சான். தலையும் மார்பும் வெண்மையாகவும் உடலும் சிறகும் செம்பழுப்பாகவும் அமைந்து வானில் வட்டமிடும் பறவை, கடலோர நகரங்களில் பரவலாகக் காணப்படும் கிருஷ்ணப்பருந்து. சாலையில் பாத்திரக்கடை நடத்தியபடியே அந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்த ஆ. மாதவன் (1934–2021) தம் நாவல் ஒன்றுக்கு இப்பறவையின் பெயரையே சூட்டினார். 'கடைத்தெருக் கதைகள்' எழுதிய அவருடைய படைப்புலகம், பெரும்பாலும் ஒரே தெருவைப் பல்லாண்டுகள் கவனித்ததால் விளைந்தது. ஓர் இடத்தை அறிவதற்கு அதைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் சான்று அது.

ஆட்டக்களத்தின் கருவிகள்

கடைத்தெருவை ஒட்டிய வெளிகள் பெரும்பாலும் பெரியவர்களுடையவை. சாலைப் பகுதிக் குடும்பங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத் தோட்டம், சிறுவர்களுக்கான போக்குவரத்துப் பூங்கா அமைந்த சங்குமுகம், ஆக்குளம் எனச் சற்றுத் தள்ளியும் செல்வதுண்டு. எங்கே சென்றாலும் ஊஞ்சல், சறுக்குமரம், சீசா எனப்படும் ஏற்றப் பலகை, ஏறுகம்பி ஆகியவை ஆட்டக்களத்தின் அடிப்படைக் கருவிகளாக இருக்கும். ஒவ்வொன்றும் உடலுக்கு ஓர் இயற்பியல் விதியைக் கற்றுக்கொடுக்கும் ஆசான்.

ஊஞ்சல் ஓர் ஊசல். அது ஒருமுறை முன்னும் பின்னும் சென்றுவர எடுத்துக்கொள்ளும் நேரம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்ததே தவிர, அமர்ந்திருப்பவரின் எடையைப் பொறுத்தது அன்று. இரண்டு மீட்டர் சங்கிலிக்கு அந்த நேரம் ஏறத்தாழ 2.8 விநாடி. அடுத்தடுத்த ஊஞ்சல்களில் தகப்பனும் நான்கு வயது மகளும் ஒரே கணத்தில் புறப்பட்டுச் சிறு வீச்சில் ஆடினால் இருவரும் பெரும்பாலும் சேர்ந்தே சென்று சேர்ந்தே திரும்புவார்கள். எடையில் பல மடங்கு வேறுபட்டவர்களை ஒரே தாளத்தில் இணைக்கும் இந்த ஒழுங்கைக் கவனித்துப் பார்ப்பது தனி இன்பம். எவரும் தள்ளாமல் குழந்தை தானே வீச்சை வளர்த்துக்கொள்ளும் நாள் அதைவிடச் சிறப்பானது: முன்னே செல்கையில் உடலைப் பின்சாய்த்துக் காலை நீட்டுவதும், பின்னே வருகையில் காலை மடக்குவதுமாகச் சரியான கணத்தில் தன் எடையை இடம் மாற்றினால் ஊஞ்சல் உயரும் என்பதைக் குழந்தை சொல்லித் தெரிந்துகொள்வதில்லை, உடலால் கண்டடைகிறது. ஓணக் காலத்தில் மரக்கிளையில் ஊஞ்சல் கட்டி ஆடும் வழக்கமுள்ள கேரளத்தில், பூங்காவின் இரும்பு ஊஞ்சல் அந்தக் கயிற்று ஊஞ்சலின் உறவினர்தான்.

ஏற்றப் பலகை நெம்புகோலின் பாடம். நடுத்தாங்கியிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் அமர்ந்த 20 கிலோ குழந்தையை, அரை மீட்டர் தொலைவில் அமர்ந்த 60 கிலோ பெரியவர் சமன் செய்ய முடியும். குழந்தையை உயரத் தூக்கி வைத்துச் சிரிப்பதைவிட, பெரியவர் நடுவை நோக்கி நகர்ந்து சமநிலை கிடைக்கும் இடத்தைக் குழந்தையோடு சேர்ந்து தேடுவது நல்ல விளையாட்டு.

ஏறுகம்பிக் கூண்டுக்கு வியப்பான வரலாறு உண்டு. ஜங்கிள் ஜிம் என்று அறியப்பட்ட இக்கருவிக்கு 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞர் செபாஸ்டியன் ஹின்டன் காப்புரிமை பெற்றார். அவருடைய தந்தையும் நான்காம் பரிமாணத்தைப் பற்றி எழுதிய கணிதவியலாளருமான சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன், ஜப்பானில் வாழ்ந்தபோது தம் பிள்ளைகளுக்கு வெளியின் அமைப்பைப் புரியவைக்க மூங்கிலால் கட்டிய சட்டமே அதற்கு முன்மாதிரி. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளிலும் ஒரே சமயத்தில் முடிவெடுக்க வேண்டிய ஒரு சிக்கலாக அக்கூண்டைக் கண்டால், அதில் ஏறும் குழந்தை ஒவ்வொரு படியிலும் தயங்குவதன் பொருள் விளங்கும். அத்தயக்கத்தின்போது கீழே நிற்பவர் கையை நீட்டாமல் காத்திருப்பதே குழந்தைக்குச் செய்யும் உதவி.

கருவியைப் பயன்படுத்துமுன் இரண்டு சோதனைகள் தேவை. வெயிலில் கிடந்த உலோகச் சறுக்குமரம் தோலைச் சுடக்கூடும் என்பதால், பெரியவர் தம் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஊஞ்சல் சங்கிலியின் மேல்முனைக் கொக்கியும் அடியிலுள்ள தரையும் பார்க்கப்பட வேண்டியவை. விழும் இடத்தில் மணலோ ரப்பர் விரிப்போ இருப்பது குழந்தையின் துணிச்சலுக்குத் துணை நிற்கும்.

விளையாட்டைப் பார்க்கும் முறை

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகள் கூடுமிடத்தில் காணப்படும் நடத்தையை ஆறு வகையாகப் பிரித்தார்: எதிலும் ஈடுபடாதிருத்தல், தனித்து விளையாடுதல், பிறர் ஆட்டத்தைப் பார்த்து நிற்றல், அருகருகே இருந்தும் தனித்தனியே விளையாடுதல், பொருளையும் பேச்சையும் பகிர்ந்து விளையாடுதல், விதி வகுத்துச் சேர்ந்து விளையாடுதல். இந்த ஆறையும் மனத்தில் கொண்டு ஆட்டக்களத்தின் ஓரத்தில் அரை மணி அமர்ந்தால், வெறும் இரைச்சலாகத் தோன்றியது வடிவம் கொள்ளத் தொடங்கும். சறுக்குமரத்தருகே விரல் சூப்பியபடி நிற்கும் குழந்தை சும்மா நிற்கவில்லை. பார்த்து நிற்றலும் ஆட்டத்தின் ஒரு கட்டமாதலால், அதைப் பிடித்துத் தள்ளி "போய் விளையாடு" என்று சொல்லத் தேவையில்லை. மணலில் முதுகோடு முதுகாக அமர்ந்து தனித்தனியே குழி தோண்டும் இருவர், சிறிது நேரத்தில் ஒரே வாய்க்காலுக்கு இரு முனைகளிலிருந்து வேலை செய்யக்கூடும். ஒருவன் மலையாளத்திலும் ஒருத்தி தமிழிலும் பேசும் இந்நகரத்தில், விதி வகுக்கும் கட்டத்தை எட்டும்போது குழந்தைகள் இரு மொழியையும் கலந்து வழக்குத் தீர்ப்பதையும் கேட்கலாம்.

கருவிகள் குறைவாக இருப்பது இதற்குத் தடையாகாது. டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் வடிவமைத்த 700க்கும் மேற்பட்ட ஆட்டக்களங்களில், மணல்தொட்டி, வட்டக் கற்கள், வளைகம்பிகள் போன்ற எளிய பொருள்களே இருந்தன. இன்னது செய் என்று கட்டளையிடாத பொருளே கற்பனைக்கு அதிக இடம் தரும் என்னும் அவருடைய கொள்கையை, பூங்காவின் தாழ்ந்த சுற்றுச்சுவர் கப்பலாகவும் கடையாகவும் பேருந்தாகவும் மாறும் எந்த மாலையிலும் மெய்ப்பித்துக் காணலாம்.

அமர்ந்திருப்போரின் உரிமை

பொதுமக்களுக்கான பூங்கா என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. பொதுப் பணத்தில் அமைக்கப்பட்ட பூங்காக்களுள் முன்னோடியான இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் 1857இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டு, அது மட்டும் மக்களைப் போதிய அளவில் ஈர்க்காததால் 1859இல் விலங்குக் காட்சிசாலையும் தோட்டமும் சேர்க்கப்பட்டன. இன்று காலை நடையாளர்கள் வலம்வரும் அந்தத் தோட்டத்தின் நடுவே ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880இல் முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகம் நிற்கிறது.

ஆனால் வழி நடப்பதற்கே எல்லோருக்கும் உரிமையில்லாத காலமும் அதுவே. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொது வழியில் நடக்கும் உரிமையை நிலைநாட்ட வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893இல் தடையை மீறி வில்வண்டி ஓட்டினார். திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பு வருவதற்கு 1936 நவம்பர் 12வரை காத்திருக்க நேர்ந்தது; அதன்பின் 1937 ஜனவரியில் காந்தி இந்நகருக்கு வந்து பத்மநாபசுவாமி கோயிலில் வழிபட்டார். அவர் பெயரைத் தாங்கிய, அக்கோயிலிலிருந்து நடக்கும் தொலைவிலேயே உள்ள பூங்காவின் பெஞ்சில் இன்று சுமைதூக்குபவரும் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவியும் ஓய்வுபெற்ற அலுவலரும் அருகருகே உட்கார்ந்திருப்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, அச்சாதாரணக் காட்சியின் அருமை தெரியும். அந்த இடத்தில் பொதுக்கூட்டம் நடக்கும் மாலைகளில் பேச்சைக் கேட்க நிற்பவரும், கேளாமல் கடலை கொறிப்பவரும் ஒரே உரிமையோடு நிற்கிறார்கள்.

இப்பகுதியின் வெளிகள் ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் பெண்களுடையவை ஆகின்றன. மாசியை ஒட்டிய கும்ப மாதத்தில் வரும் ஆற்றுக்கால் பொங்காலையன்று, சாலையும் கிழக்கே கோட்டையும் உட்படக் கோயிலைச் சுற்றிய தெருக்களெங்கும் செங்கல் அடுப்புகள் வரிசையாக எழுகின்றன. லட்சக்கணக்கான பெண்கள் ஒரே வேளையில் பொங்கலிடுகிறார்கள். ஓண வார நிறைவு ஊர்வலம் கிழக்கே கோட்டையை நோக்கி வரும் நாளும் காண வேண்டியது. கூட்ட நாளில் ஒருமுறையும் மறுவாரம் ஒருமுறையும் சென்றால், ஒரே நிலம் எத்தனை வேலைகளுக்கு வளைந்துகொடுக்கிறது என்பது விளங்கும்.

முதல் வருகைக்கு ஒரு முறை

புதிதாகத் தொடங்குபவர் பூங்காவை ஒருமுறை வெளிப்புறமாகச் சுற்றிவந்து, எந்த வாயிலில் மக்கள் நுழைகிறார்கள், எந்த ஓரத்தில் தங்குகிறார்கள் என்று பார்க்கலாம். பிறகு முதுகுக்குப் பின்னே மரமோ சுவரோ அமைய, முன்னே நடைபாதை தெரியும் இருக்கையைத் தேர்ந்து, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் நிழலையும் அடுத்த பத்து நிமிடம் ஒலியையும் அதற்கடுத்த பத்து நிமிடம் மனிதர்களையும் கவனித்தால் போதும். குழந்தையுடன் சென்றவர் தாம் திட்டமிட்டதைக் குழந்தைமீது சுமத்தாமல், அது எந்தக் கருவிக்கு மீண்டும் மீண்டும் செல்கிறது என்று பின்தொடர்வது நல்லது. திரும்பும் வழியில் பத்மதீர்த்தக் குளத்தருகே உள்ள மேத்தன் மணியையும் காட்டலாம். மணி அடிக்கும்போது மனித முகம் வாய் திறக்க, இருபுறமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் முட்டும்படி அமைந்த அந்தக் கடிகாரம் குழந்தைகளுக்கு விளங்கும் பொறியியல்.

இவ்வாறு பலமுறை சென்றவருக்கு ரசனையோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. எந்த ஊஞ்சலின் கொக்கி தேய்ந்திருக்கிறது, எந்த மரத்தைச் சுற்றி வேருக்கு இடம்விடாமல் சிமென்ட் பூசப்பட்டிருக்கிறது, எந்த விளக்கு எரியாததால் பெண்கள் ஆறரைக்கே எழுந்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் அவர் அறிந்தவையாகிவிடும். மாநகராட்சி மன்ற உறுப்பினரிடம் பூங்காவைப் பற்றிப் பொதுவாகக் குறைகூறுபவரைவிட, கிழக்கு வாயிலுக்கு அருகில் உள்ள இரண்டாவது ஊஞ்சலைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்பவரின் சொல்லுக்கு வலிமை அதிகம். நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டே போகும் நகர்நடுவில், விலை கேட்காத நிலம் நிலைத்திருப்பது அதை நெருங்கி அறிந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது; ஆகவே சாலைக்குச் சாமான் வாங்கச் செல்வோர் திரும்பும் வழியில் அரை மணி நேரத்தைப் பூங்காவுக்கு ஒதுக்குவது தமக்கும் தம் நகருக்கும் செய்யும் நன்மையாகும்.